பிளேன் நின்னா பைலட் சம்பளத்துக்கு யார் பொறுப்பு? போயிங் மேல பைலட் சங்கம் போட்ட கேஸ், எளிமையா

2019 அக்டோபர்ல அமெரிக்காவுல டெக்ஸாஸ் மாநிலம் டல்லாஸ் கவுண்ட்டி கோர்ட்ல ஒரு கேஸ் பதிவாச்சு. போட்டது சவுத்வெஸ்ட் ஏர்லைன்ஸ் பைலட்டுகளோட சங்கம், சுருக்கமா ஸ்வாபா. கேஸ் தங்களுக்கு சம்பளம் குடுக்குற சவுத்வெஸ்ட் மேல இல்ல, பிளேன் செஞ்சு வித்த போயிங் மேல. 737 மேக்ஸ் பிளேன்களை பறக்க விடாம நிறுத்தி வச்சதுனால எங்க ஆளுங்களுக்கு 10 கோடி டாலருக்கு மேல சம்பளம் போச்சு, அதுக்குக் காரணம் நீங்க சொன்ன பொய், அதனால நீங்கதான் தரணும்னு கேட்டாங்க.

இதைக் கேட்டதும் நிறைய பேர் சொல்றது, அந்த மேக்ஸ் பிளேனோட ரெண்டு விபத்துல 346 பேர் செத்துப் போயிருக்காங்க, இவங்களுக்கு சம்பளம்தான் கவலையான்னு. கொஞ்சம் சட்டம் தெரிஞ்சவங்க இன்னொண்ணு கேப்பாங்க, போயிங்குக்கும் பைலட்டுக்கும் நடுவுல எந்த ஒப்பந்தமும் கிடையாதே, அப்புறம் எப்படி கேஸ் போட முடியும்னு. ரெண்டாவது கேள்விய ஒழுங்கா பிரிச்சுப் பாத்தா முதல் கேள்விக்கும் பதில் கிடைச்சிரும், அதனால அங்க இருந்தே ஆரம்பிக்கிறேன்.

முதல்ல பைலட்டுக்கு சம்பளம் எப்படி வருதுன்னு தெரிஞ்சுக்கணும். நம்மள்ல பலர் நினைக்கிற மாதிரி மாசம் பொறந்தா ஃபிக்ஸடா ஒரு தொகை வர்ற வேலை இல்ல அது. அமெரிக்க ஏர்லைன்கள்ல பெரும்பாலும் பறக்குற அளவுக்குத்தான் காசு. சவுத்வெஸ்ட்ல இதுக்கு 'ட்ரிப்ஸ் ஃபார் பே'ன்னே ஒரு கணக்கு இருக்கு, ஓட்டுற ஒவ்வொரு ஃப்ளைட்டும் அந்தக் கணக்குல ஏறும். ஒவ்வொரு மாசமும் சீனியாரிட்டிப்படி எந்தெந்த ட்ரிப் வேணும்னு கேட்டு எழுதிக் குடுக்கணும், சீனியர்கள் நல்ல ட்ரிப்பா எடுத்துக்குவாங்க, மிச்சம் கீழ இருக்குறவங்களுக்கு வரும். அது போக ஆள் போடாத ட்ரிப் கிடந்தா லீவு நாள்ல கூட எடுத்து ஓட்டி எக்ஸ்ட்ரா சம்பாதிக்கலாம், வீட்டு லோன் அடைக்கிறவங்க, பிள்ளைங்களை காலேஜ்ல படிக்க வைக்கிறவங்க எல்லாம் இந்த எக்ஸ்ட்ராவ நம்பித்தான் பட்ஜெட் போடுவாங்க. நம்ம ஊர்ல ட்ரிப்புக்கு இவ்வளவுன்னு பேட்டா வாங்குற பஸ் டிரைவர் மாதிரிதான், பஸ் ஷெட்டுல நின்னா ஓனருக்கு மட்டும் இல்ல, அவருக்கும் அன்னைக்கு வருமானம் போச்சு.

இப்ப சவுத்வெஸ்ட்டைப் பாருங்க. அந்த ஏர்லைன்ல இருக்குறது முழுக்க முழுக்க 737 மட்டும்தான். வேற ரகமே கிடையாது. 2019 மார்ச்ல மேக்ஸை நிறுத்துனப்ப அவங்ககிட்ட 34 மேக்ஸ் இருந்துச்சு, அந்த வருஷமே இன்னும் நிறைய டெலிவரி வர வேண்டியிருந்துச்சு, அதையெல்லாம் நம்பித்தான் கோடைக்கால ஷெட்யூலே போட்டிருந்தாங்க. மேக்ஸ் பைலட், பழைய 737 பைலட்னு தனித்தனியாவும் கிடையாது, எல்லாருமே ரெண்டையும் ஓட்டுறவங்க. அதனால 34 பிளேன் நின்னப்ப அடி ஒரு சின்ன குரூப்புக்கு மட்டும் விழல, மொத்த பைலட்டுக்கும் பரவிருச்சு. 30,000-க்கும் மேல ஃப்ளைட் ஷெட்யூல்ல இருந்து காணாமப் போச்சுன்னு சங்கம் கோர்ட்ல சொல்லிச்சு. கிட்டத்தட்ட 10,000 பைலட், 10 கோடி டாலர்னு வச்சு வகுத்தா சராசரியா ஆளுக்கு 10,000 டாலர் வருது. ஆனா சராசரி இங்க உண்மையச் சொல்லாது, சீனியர் கேப்டனுக்கு ட்ரிப் கிடைச்சுக்கிட்டே இருந்திருக்கும், புதுசா சேந்தவங்களுக்குத்தான் எக்ஸ்ட்ரா ட்ரிப்பே இல்லாம போயிருக்கும், ஏர்லைன்ல பிளேன் எண்ணிக்கை வளந்தாத்தானே கேப்டன் ஆக முடியும், அந்த வாய்ப்பும் அப்படியே தள்ளிப் போச்சு.

சரி, நஷ்டம் புரியுது. ஆனா நஷ்டம் வந்துச்சுங்கிறதுக்காக மட்டும் யார் மேலயும் கேஸ் போட்டு ஜெயிக்க முடியாது, இதுதான் இந்த விஷயத்துல புதுசா வர்றவங்க முதல்ல புரிஞ்சுக்க வேண்டியது. ஒருத்தரோட தப்பால உங்க உடம்புக்கோ பொருளுக்கோ எந்த சேதமும் இல்ல, வெறும் வருமானம் மட்டும் குறைஞ்சுதுன்னா, அவருக்கும் உங்களுக்கும் நேரடி ஒப்பந்தமும் இல்லன்னா, பெரும்பாலும் கோர்ட் வாசல்லயே திருப்பி அனுப்பிரும். சட்டத்துல இதை வெறும் பொருளாதார நஷ்டம்னு சொல்வாங்க. இது ஏன் இவ்வளவு கறாரா இருக்குன்னா, ஒரு பிளேன் நின்னா நஷ்டம் பைலட்டோட நிக்காது, கேபின் க்ரூ, ஏர்போர்ட் டாக்ஸிக்காரர், சாப்பாடு சப்ளை பண்றவர், ஹோட்டல்காரர்னு சங்கிலி போய்க்கிட்டே இருக்கும், அத்தனை பேரும் ஒரே கம்பெனி மேல கேஸ் போட ஆரம்பிச்சா எங்க கோடு போடுறது? அதனால எங்கயாவது ஒரு இடத்துல கோடு போட்டுத்தான் ஆகணும்.

பைலட்டுகள் இந்தக் கோட்டைத் தாண்டுறதுக்கு எடுத்த வழிதான் இந்தக் கேஸோட உயிர். 'பிளேன் நின்னுச்சு, காசு போச்சு'ன்னு மட்டும் அவங்க வாதாடல. 'நீங்க எங்ககிட்ட ஒரு விஷயம் சொன்னீங்க, அது உண்மை இல்ல, அதை நம்பி நாங்க ஒரு ஒப்பந்தத்துல கையெழுத்துப் போட்டோம், அதனால இந்த நஷ்டம்'னு வாதாடுனாங்க. அதாவது மோசடி, தப்பான தகவல் குடுத்தது, சொல்ல வேண்டியதை மறைச்சது, அடுத்தவங்க ஒப்பந்தத்துல தவறா தலையிட்டது, இந்த மாதிரி தலைப்புகள்ல. பொய்யால வந்த நஷ்டம்னு வந்துட்டா சட்டம் வேற மாதிரி பாக்கும்.

அந்த ஒப்பந்தம் எதுன்னா 2016-ல சவுத்வெஸ்ட்டுக்கும் பைலட் சங்கத்துக்கும் நடுவுல போட்ட சம்பள ஒப்பந்தம். அதுக்கு முன்னாடி இருந்த ஒப்பந்தத்துல மேக்ஸ்ங்கிற பேரே கிடையாது, பேர் இல்லாத பிளேனை ஓட்ட நாங்க கட்டுப்பட்டவங்க இல்லன்னு சங்கம் 2016-ல சவுத்வெஸ்ட் மேலயே கேஸ் போட்டுச்சு. இதைக் கவனிக்காம விட்டுட்டா மொத்தக் கேஸும் புரியாது. அப்ப அவங்க கையில ஒரு பிடி இருந்துச்சு, நாங்க ஓட்ட மாட்டோம்னு சொல்லலாம், பிளேன்ல என்னென்ன மாறியிருக்குன்னு நிதானமா கேக்கலாம், ட்ரெயினிங் வேணும்னு அடம் பிடிக்கலாம். அந்தப் பிடியை விட்டுட்டு 2016 கடைசியில மேக்ஸையும் சேத்து புது ஒப்பந்தத்துக்கு ஒத்துக்கிட்டாங்க, 2017 அக்டோபர் 1-ந் தேதி சவுத்வெஸ்ட்டோட முதல் மேக்ஸ் பயணிகளோட கிளம்பிச்சு. ஏன் ஒத்துக்கிட்டீங்கன்னா, பழைய 737 மாதிரியேதான் இதுவும், பாதுகாப்பானதுன்னு போயிங் சொன்னதை நம்பித்தான்ங்கிறது சங்கத்தோட வாதம்.

போயிங் ஏன் அப்படிச் சொல்லணும்? இங்கதான் பணம் வருது. 2010 டிசம்பர்ல போட்டி கம்பெனி ஏர்பஸ் ஏ320 நியோங்கிற பிளேனை அறிவிச்சிருச்சு, எரிபொருள் நல்லா மிச்சமாகுற புது இன்ஜின். 2011 ஜூலைல அமெரிக்கன் ஏர்லைன்ஸ் 260 ஏர்பஸ்ஸுக்கு ஆர்டர் போடவும் போயிங்குக்கு கை கால் உதறிருச்சு, புதுசா பிளேன் டிசைன் பண்ண நேரம் இல்ல, இருக்குற 737-லயே பெரிய இன்ஜினைப் பொருத்தி மேக்ஸ்னு கொண்டு வந்தாங்க. அதை முதல்ல ஆர்டர் பண்ணதே சவுத்வெஸ்ட்தான், 2011 டிசம்பர்ல 150 பிளேன். அந்த டீல்ல ஒரு ஷரத்து இருந்துச்சு, பைலட்டுகளுக்கு சிமுலேட்டர் ட்ரெயினிங் கட்டாயம்னு ஆச்சுன்னா ஒரு பிளேனுக்கு 10 லட்சம் டாலர் போயிங் தள்ளுபடி தரணும்னு. 150 பிளேனுக்கு 15 கோடி டாலர் ஆச்சு. அதனால 'இது புது மாதிரி பிளேன் இல்ல, அதே 737, ஒரு சின்ன கம்ப்யூட்டர் கோர்ஸ் போதும்'னு எல்லாரையும் நம்ப வைக்கிறது போயிங்குக்கு வெறும் விளம்பரம் கிடையாது, கணக்குல வர்ற காசு. பைலட்டுகளுக்கு உண்மையிலேயே டேப்லெட்ல பாக்குற ஒரு குட்டி பாடம்தான் கிடைச்சுச்சு.

அந்தப் பாடத்துல இல்லாத விஷயம் எம்காஸ். புது இன்ஜின் பெருசு, றெக்கைக்கு அடியில பழைய இடத்துல கொள்ளாது, கொஞ்சம் முன்னாடியும் மேலயும் தள்ளி வச்சாங்க. அதனால சில நேரத்துல பிளேன் மூக்கைத் தூக்கப் பாக்கும். அதைச் சரிபண்ண ஒரு சாஃப்ட்வேர், மூக்கு ரொம்ப மேல போகுதுன்னு தோணினா பின்னாடி வால் பக்கம் இருக்குற குட்டி றெக்கையை, அதாவது ஸ்டெபிலைசரை, தானா திருப்பி மூக்கை கீழ இறக்கும். பாதுகாப்பு ஆய்வுக்கு முதல்ல கணக்கு காட்டுனது ஒரு தடவைக்கு 0.6 டிகிரிதான் திருப்பும்னு, கடைசியில பிளேன்ல வந்தது 2.5 டிகிரி. அதுவும் மூக்கு எவ்வளவு தூக்கியிருக்குன்னு அளக்குற ரெண்டு சென்சார்ல ஒரே ஒரு சென்சார் சொல்றதை வச்சு. அந்த சென்சார் கெட்டுப் போனா சாஃப்ட்வேருக்கு அது தெரியாது, மூக்கை இறக்கும், பைலட் ட்ரிம் சுவிட்சை அமுக்கி மேல கொண்டு வருவார், அஞ்சு செகண்ட் கழிச்சு மறுபடி இறக்கும். 2018 அக்டோபர் 29-ந் தேதி ஜகார்த்தாவுல இருந்து கிளம்பின லயன் ஏர் பிளேன்ல கேப்டன் இருபது தடவைக்கும் மேல இப்படிப் போராடியிருக்கார். எதோட போராடுறோம்னே தெரியாம. ஏன்னா பைலட் கையேட்டுல அந்த சிஸ்டத்தைப் பத்தி விளக்கம் கிடையாது, பின்னாடி சுருக்கெழுத்துப் பட்டியல்ல பேர் மட்டும் இருந்துச்சு. 189 பேர். அடுத்த வருஷம் மார்ச் 10-ந் தேதி எத்தியோப்பியன் ஏர்லைன்ஸ், 157 பேர்.

இன்னொண்ணும் இருக்கு. அந்த ரெண்டு சென்சாரும் வேற வேற கணக்கு காட்டுனா பைலட்டை எச்சரிக்கிற ஒரு அலர்ட் எல்லா மேக்ஸ்லயும் வேலை செய்யணும், ஆனா தனியா காசு குடுத்து வாங்குற ஒரு டிஸ்ப்ளே இருக்குற பிளேன்ல மட்டும்தான் அது வேலை செஞ்சுச்சு. இந்தக் கோளாறு 2017-லயே தங்க இன்ஜினியர்களுக்குத் தெரியும்னு போயிங்கே 2019 மே மாசம் அறிக்கைல ஒத்துக்கிட்டாங்க. தெரிஞ்சும் சொல்லாம இருக்குறதுக்கு சட்டத்துல என்ன மதிப்புன்னு கேட்டா, சொல்ல வேண்டிய கடமை இருந்துச்சான்னு பாப்பாங்க. பிளேனை ஓட்டப் போறவங்களுக்குச் சொல்ற கடமை இல்லன்னா வேற யாருக்கு இருக்கும்னு எனக்குப் புரியல.

லயன் ஏர் விபத்துக்கு அப்புறம்தான் பைலட்டுகள் எம்காஸ்ங்கிற பேரையே கேள்விப்பட்டாங்க, கொதிச்சுப் போயிட்டாங்க. 2018 நவம்பர் கடைசில அமெரிக்கன் ஏர்லைன்ஸ் பைலட் சங்கத்துக்காரங்க போயிங் அதிகாரிகளை உக்கார வச்சு கேள்வி கேட்ட ஆடியோ பின்னாடி வெளிய வந்துச்சு, எங்க பிளேன்ல இது இருக்குன்னு எங்களுக்கே ஏன் சொல்லலங்கிறதுதான் அவங்க கோபமே. அந்த மீட்டிங் முடிஞ்சு நாலு மாசம் கூட ஆகல, எத்தியோப்பியா விபத்து நடந்துச்சு. மார்ச் 11-ந் தேதி சீனா நிறுத்துச்சு, 12-ந் தேதி நம்ம ஊர் விமானக் கட்டுப்பாட்டு அமைப்பான டிஜிசிஏ அறிவிச்சாங்க, 13-ந் தேதி அமெரிக்காவோட அதே மாதிரி அமைப்பான எஃப்ஏஏ. அமெரிக்காவுல மறுபடி அனுமதி கிடைச்சது 2020 நவம்பர் 18-ந் தேதி, சவுத்வெஸ்ட் மேக்ஸை மறுபடி ஓட்டுனது 2021 மார்ச்ல. ரெண்டு வருஷம்.

அதனால சம்பளம்தான் கவலையாங்கிற முதல் கேள்விக்கு என்னோட பதில் இதுதான். செத்தவங்க குடும்பத்துக்கு தனியா கேஸ் இருக்கு, அதை பைலட்டுகள் பேச முடியாது, அது அவங்க உரிமை இல்ல. பைலட்டுகளுக்கு உண்மையான கோபம் தங்களுக்குத் தெரியாம ஒரு சிஸ்டத்தை தங்க கைல குடுத்ததுதான், ஆனா 'என்னை ஏமாத்துனே'ங்கிறதை மட்டும் வச்சு கோர்ட்டுக்குப் போக முடியாது, ஏமாந்ததால என்ன நஷ்டம்னு ரூபாய் கணக்குல காட்டணும். அவங்களால காட்ட முடிஞ்ச நஷ்டம் சம்பளம். இதுல பேராசைன்னு சொல்ல ஒண்ணும் இல்ல, சட்டம் அவங்களுக்கு விட்டு வச்ச ஒரே கதவு அது.

போயிங் சும்மா இருக்குமா, கேஸுக்கு அடிப்படையே இல்லன்னு சொல்லி கதவுலயே மறிச்சாங்க. ரெண்டு வாதம் முக்கியம்.

ஒண்ணு ரயில்வே லேபர் ஆக்ட். பேரு ரயில்வேன்னு இருக்கும், 1926-ல ரயில் தொழிலாளர்களுக்காக வந்த சட்டம், 1936-ல ஏர்லைனையும் அதுல சேத்துட்டாங்க. சம்பள ஒப்பந்தத்துக்கு அர்த்தம் சொல்ற சண்டை வந்தா கோர்ட்டுக்குப் போகாம அதுக்குன்னு இருக்குற ஆர்பிட்ரேஷன் போர்டுல, அதாவது நடுவர் குழுகிட்ட, தீத்துக்கணும்ங்கிறது அந்தச் சட்டத்தோட நோக்கம், ஸ்ட்ரைக்குல போக்குவரத்து நிக்கக்கூடாதுன்னு. போயிங் என்ன சொல்லிச்சுன்னா, பைலட்டுக்கு எவ்வளவு சம்பளம் போச்சுன்னு கண்டுபிடிக்க அந்த ஒப்பந்தத்தைத்தானே பிரிச்சுப் பாக்கணும், அப்ப இது மாநிலக் கோர்ட் விஷயமே இல்லன்னு. ஆனா கேஸோட கேள்வி ஒப்பந்தத்துல என்ன எழுதியிருக்குங்கிறது இல்ல, கையெழுத்துக்கு முன்னாடி மூணாவது ஆள் பொய் சொன்னாரா இல்லையாங்கிறது. சம்பளத்தைக் கூட்டிக் கழிக்க ஒப்பந்தத்தைத் திறந்து பாக்குறதும், அதோட அர்த்தத்துக்கு சண்டை போடுறதும் ஒண்ணு கிடையாது. சங்கத்தோட நிலை இதுதான்.

ரெண்டாவது வாதம், யார் கேக்குறது? சம்பளம் போனது தனித்தனி பைலட்டுக்கு, சங்கத்துக்கு இல்ல. ஒரு சங்கம் தன் உறுப்பினர்களுக்காக 'இதைச் செய்யாதே'ன்னு தடை கேக்கலாம், ஆனா பண நஷ்டஈடுன்னு வந்தா ஒவ்வொருத்தர் கணக்கும் வேற வேற, அதை சங்கம் மொத்தமா கேக்குறது கஷ்டம். 2022-ல டல்லாஸ் அப்பீல் கோர்ட் கிட்டத்தட்ட இதைத்தான் சொல்லிச்சு, ரயில்வே லேபர் ஆக்ட் தடை இல்லன்னு ஒத்துக்கிச்சு, சங்கம் தனக்கு நேரடியா வந்த நஷ்டத்தைக் கேக்கலாம்னும் சொல்லிச்சு, ஆனா உறுப்பினர்கள் சார்பா சங்கமா வந்து அவங்க சம்பளத்தைக் கேக்க முடியாதுன்னுருச்சு. ஆனாலும் கதவை நிரந்தரமா பூட்டல. இதுக்கு வழியா ஆயிரக்கணக்கான பைலட்டுகள் 'என் கேஸ் உரிமைய சங்கத்துக்கு எழுதிக் குடுக்குறேன்'னு கையெழுத்துப் போட்டுக் குடுத்தாங்க. கடன் பத்திரத்தை இன்னொருத்தர் பேருக்கு மாத்துற மாதிரி நஷ்டஈடு கேக்குற உரிமையையும் மாத்தலாம். அதையும் எதுத்து போயிங் டெக்ஸாஸ் சுப்ரீம் கோர்ட் வரைக்கும் போச்சு, 2025 ஜூன்ல அந்தக் கோர்ட் கேஸ் தொடர்ந்து நடக்கலாம்னு சொல்லிருச்சு.

கவனமா படிக்கணும், போயிங் பொய் சொல்லிச்சுன்னு அந்தத் தீர்ப்பு சொல்லல. கேஸ் நடக்கலாம், அவ்வளவுதான். 2019-ல போட்ட கேஸ், உள்ள நுழையலாமா கூடாதாங்கிற சண்டையிலயே ஆறு வருஷம் கிட்ட போயிருச்சு. காசு இருக்குற கம்பெனிக்கு காலதாமதமே ஒரு பாதுகாப்பு, இடையில ரிட்டயர் ஆகிப்போன பைலட்டுகள் எவ்வளவோ இருப்பாங்க, இதை நினைச்சா எனக்கு வயிறு எரியுது.

ஏன்னா மத்தவங்களுக்கு பணம் போய்ச் சேந்துருச்சு. 2021 ஜனவரில அமெரிக்க அரசோட நீதி அமைச்சகத்தோட போயிங் ஒரு சமரசம் பண்ணிக்கிச்சு, மொத்தம் 250 கோடி டாலருக்கு மேல. அதுல கிரிமினல் அபராதம் 24.36 கோடி, பலியானவங்க குடும்பங்களுக்கு 50 கோடி, பிளேன் வாங்குன ஏர்லைன்களுக்கு 177 கோடி. பெரிய பங்கு யாருக்குப் போச்சுன்னு பாருங்க. பிளேனை ஓட்டுறவங்களுக்குன்னு அந்தப் பட்டியல்ல ஒரு வரி கூட இல்ல. சவுத்வெஸ்ட் அதுக்கு முன்னாடியே, 2019 டிசம்பர்ல போயிங்கோட தனியா ஒரு செட்டில்மெண்ட் போட்டு, அதுல இருந்து சுமார் 12.5 கோடி டாலரை லாபப் பங்கா ஊழியர்களுக்குப் பிரிச்சுத் தர்றதா அறிவிச்சது, அதை மறைக்கக்கூடாது, நல்ல காரியம்தான். ஆனா அது பைலட்டுகளுக்கு மட்டும் இல்லாம எல்லா ஊழியருக்கும் பொதுவா போன பங்கு, முதலாளி மனசு வச்சு குடுத்தது, உரிமையா கேட்டு வாங்குனது கிடையாது.

இனிமே சங்கம் நிரூபிக்க வேண்டியது லேசு இல்ல. போயிங் பைலட் சங்கத்துக்கே நேரடியா என்ன சொல்லிச்சு, எந்தக் காகிதத்துல, எந்த மீட்டிங்ல? அதை நம்பித்தான் கையெழுத்துப் போட்டாங்களா, இல்ல சம்பள உயர்வு கிடைக்குதுன்னு எப்படியும் போட்டிருப்பாங்களா? போயிங் வக்கீல் கண்டிப்பா இதைத்தான் நோண்டுவார். அப்புறம் கொரோனா வேற இருக்கு, 2020 மார்ச்சுக்கு அப்புறம் மேக்ஸ் ஓடியிருந்தாலும் ஏறுறதுக்கு ஆள் இருந்திருக்காது, அந்த மாசங்கள்ல போன சம்பளத்தை போயிங் கணக்குல எழுத முடியுமான்னு ஒரு பெரிய சண்டை வரும். என் பார்வையில சங்கத்துக்கு பலமான காலம் 2019 மார்ச்ல இருந்து 2020 மார்ச் வரைக்கும்தான், முதல்ல கேட்ட அந்த 10 கோடியும் 2019 வருஷக் கணக்குதான்.

அடுத்து இந்தக் கேஸ் பத்தி நியூஸ் வந்தா தொகைய விட்டுட்டு, கோர்ட் போயிங்கை எந்தெந்த ஆவணங்களைக் குடுக்கச் சொல்லுதுன்னு பாருங்க. 2016-ல அந்தப் பேச்சுவார்த்தை நடந்துக்கிட்டு இருந்த மாசங்கள்ல எம்காஸ் பத்தி போயிங்குக்குள்ள யார் யாருக்கு என்ன எழுதுனாங்கங்கிறது சங்கத்து வக்கீல் கைக்கு வந்துச்சுன்னா, செட்டில்மெண்ட் பேச போயிங்கே வரும்னு நான் நினைக்கிறேன்.